எய்யும் அளவும் நிறுத்தும் அளவும்: பறவை வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் தாஜ்மகாலைக் காட்ட ஆக்ராவிற்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பரத்பூர். குளிர்காலமாயின், குழந்தைகளுக்குப் பறவைகளைக் காட்டலாம் என்று அவ்வழியே திரும்புவோரும் உளர். கேவலாதேவ் பூங்காவினுள், இருமருங்கும் நீர் நிறைந்த கரையின் வழியே நடந்தால், பூங்காவிற்குப் பெயர் தந்த சிவன் கோயிலை அடையலாம். அதன் அருகே கல்லிற் பொறித்த பட்டியல் ஒன்று உள்ளது.

கல்வெட்டைக் கண்டால் நின்று படிப்பது தமிழர் இயல்பு. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில், நந்தா விளக்கு எரிப்பதற்காக விடப்பெற்ற ஆடுகளின் எண்ணிக்கையை நாம் படித்திருக்கின்றோம். 'சாவா மூவாப் பேராடு' என்று அவ்வாடுகளை வழங்குவர்; எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டியவை என்பது அதன் பொருள். பரத்பூர்க் கல்லிலும் உயிர்களின் எண்ணிக்கையே உள்ளது. ஆயின் அது காக்கப்பட்டவற்றின் கணக்கன்று, வீழ்த்தப்பட்டவற்றின் கணக்கு. எந்நாளில், எவர் வருகையை முன்னிட்டு, எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்பதை 1902ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை அது நிரல்படக் கூறுகின்றது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் வருகையின்போது நடந்த வேட்டைக்கு நேரே உள்ள எண் 4,273.

ஒரே நாளில் நாலாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று பறவைகள்! இந்த எண்ணைப் படிக்கும் எவருக்கும் முதலில் வியப்பும், அடுத்து வேதனையும் தோன்றும். இவ்விரண்டோடு நில்லாமல், இது எவ்வாறு இயன்றது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. பறக்கும் சிறு பறவையை நாற்பது கெஜத் தொலைவில் வீழ்த்தும் கருவி எவ்வாறு உருவாயிற்று? அதைக் கையாண்டோர் எவ்வெவ்வளவுகளைக் கற்றனர்? எந்த அளவைக் கல்லாது விட்டனர்? இவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈயத் துளியும் கோபுரமும்

மானையோ புலியையோ வேட்டையாடுபவன் ஒற்றைக் குண்டை நம்பலாம். விசும்பில் விரையும் காடையை ஒற்றைக் குண்டால் வீழ்த்துவது அரிதினும் அரிது. ஆதலின் பறவை வேட்டைக்கு நெடுங்காலமாக வலையும் கண்ணியுமே பயன்பட்டன. துப்பாக்கி வந்த பின்னரும் வேட்டுவன் நாடியது ஒருவகை வலையையே. நூற்றுக்கணக்கான சிறு ஈய உருண்டைகளை ஒருசேர எறிந்தால் அவை வானில் விரிந்து வலைபோல் பரவும். அவ்வலையினுள் பறவை அகப்படும். இவ்வுருண்டைகளையே ரவை என்கின்றோம். ஈயம் எளிதில் உருகுவது. நீரைப்போல் பதினோரு மடங்குக்கு மேல் எடையுடையது. சிறிய உருவில் மிகுந்த எடை இருப்பதால் காற்றின் தடையை வென்று தொலைவு செல்லும்.

தொடக்கத்தில் செய்யப்பெற்ற ரவைகள் ஒழுங்கான உருண்டைகளாக அமையவில்லை. நீள்வடிவும் தட்டை வடிவும் கொண்டவை காற்றில் வழிதவறிச் சென்றன. இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்பார். மேலிருந்து விழும் மழைத்துளி தானே உருண்டை வடிவு கொள்வது போல, உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து விழவிட்டால் அதுவும் உருண்டையாகும் என்பதே அவர் கண்ட உண்மை. தம் வீட்டின்மேல் கோபுரம் எழுப்பி, கீழே நீர்த்தொட்டி அமைத்து, 1782ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். ஈயத்துடன் சிறிதளவு பாடாணம் கலந்தால் துளி நன்கு உருண்டையாகும் என்பதும் பயன்படுத்தப்பட்டது. அந்நாள்முதல் உலகின் பல நகரங்களில் ரவைக் கோபுரங்கள் எழுந்தன. துளியின் பருமனைச் சல்லடைக் கண்ணே முடிவு செய்தமையால், ரவைகளை எண்ணிட்டு வகைப்படுத்துவதும் எளிதாயிற்று.

அடுத்த மாற்றம் நெருப்பைப் பற்றியது. சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் பழைய துப்பாக்கியில், முதலில் வெளிக் கிண்ணத்திலுள்ள மருந்து பளிச்சென்று எரிந்து, பின்னரே உள்ளிருக்கும் மருந்து வெடிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில், ஒளியைக் கண்ட பறவை விலகிவிடும். ஸ்காட்லாந்தில் சிற்றூர் ஒன்றில் சமயப் பணி ஆற்றிவந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் போதகர், ஓய்வு நேரத்தில் நீர்ப்பறவை வேட்டையாடுபவர். தம்மிடமிருந்து பறவைகள் இவ்வாறு தப்புவதைக் கண்டு சலித்த அவர், தட்டினால் தானே வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு மருந்தைக் கொளுத்தும் முறையைக் கண்டறிந்து 1807ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பின்னர் உலகப் படைகளின் துப்பாக்கிகள் யாவும் இவ்வழியைப் பின்பற்றின. போர்க்கருவியின் வரலாற்றைத் திருப்பிய ஒரு கண்டுபிடிப்பு, வாத்துகளிடம் தோற்ற ஒரு போதகரின் உள்ளத்தில் முளைத்தது என்பது எண்ணத்தக்கது.

தோட்டாவும் சோக்கும்

அக்காலத்துத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் அடைப்பை வைத்து இடித்து, ரவையை இட்டு, மீண்டும் அடைப்பு வைத்துக் கெட்டிக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள் பறவைக்கூட்டம் கண்ணுக்கெட்டாத் தொலைவு சென்றுவிடும். பிரான்சு நாட்டின் கசிமிர் லெஃபோஷோ 1830களில் அமைத்த பின்புறம் திறக்கும் துப்பாக்கி இந்நிலையை மாற்றியது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டபின், ஆங்கிலக் கொல்லர்களும் அவ்வழியை மேற்கொண்டனர். மருந்து, அடைப்பு, ரவை மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கிய தோட்டா பிறந்தது. கெட்டித்தல் என்னும் நீண்ட வேலை, மடித்து நுழைத்து மூடும் சில நொடி வேலையாகச் சுருங்கியது.

குழலின் அகலத்தை 'போர்' என்னும் எண்ணால் குறிப்பர். ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழல் 12 போர் ஆகும். இருபது உருண்டைகளாக்கினால் 20 போர். ஆதலின் எண் கூடினால் குழல் குறுகும். 12 போர்க் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இந்தியாவில் பெரிதும் வழங்கியது இவ்வகையே.

இனி இக்கலையின் நுட்பமான பகுதிக்கு வருவோம். குழல் முழுவதும் ஒரே அகலமாக இருப்பின் ரவைகள் வெளிப்பட்டவுடன் விரிந்துவிடும். குழலின் வாயருகே உள்விட்டத்தைச் சற்றே சுருக்கினால் விரிதல் தாமதப்படும். இச்சுருக்கத்தையே 'சோக்' என்பர். கைவலை வீசும் மீனவன் வலை எத்தொலைவில் மலர வேண்டும் என்பதைத் தன் கைவாகால் முடிவு செய்வது போல, ரவைவலை எத்தொலைவில் மலர வேண்டும் என்பதைச் சோக் முடிவு செய்கின்றது. நியூகாசில் நகரத்து டபிள்யூ. ஆர். பேப் 1866ஆம் ஆண்டும், அமெரிக்கரான சில்வெஸ்டர் ரோப்பர் 1868ஆம் ஆண்டும் இதன்பொருட்டுக் காப்புரிமை பெற்றனர். பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874ஆம் ஆண்டளவில் இதைச் செம்மைப்படுத்தினார். மறு ஆண்டு லண்டனில் 'ஃபீல்ட்' இதழ் நடத்திய போட்டியில் சோக் அமைந்த குழல்களின் சிறப்பு ஐயமற நிலைநாட்டப்பட்டது. மிகுந்த சுருக்கமாகிய முழுச் சோக்கில்கூட, குழல் குறுகும் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே என்பது வியப்புக்குரியது.

இதை அளந்தறியும் முறை எளியது. நாற்பது கெஜத் தொலைவில் சுண்ணாம்பு பூசிய இரும்புத் தகட்டை நிறுத்திச் சுடுவர். ரவைகள் செறிந்த இடத்தில் முப்பது அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, அதனுள் பதிந்த வடுக்களை எண்ணுவர். சுருக்கமே இல்லாத குழலாயின் நூற்றுக்கு நாற்பது ரவைகளும், சற்றே சுருக்கிய குழலாயின் ஐம்பதும், பாதிச் சோக்காயின் அறுபதும், முழுச் சோக்காயின் எழுபதும் வட்டத்தினுள் விழும். குறுகிய தொலைவிலோ நிலைமை தலைகீழ். இருபது கெஜத்தில், சுருக்கமில்லாக் குழலின் வலை முழுச் சோக்கின் வலையைப்போல் இருமடங்கு அகன்றிருக்கும். அருகில் எழும் பறவையை முழுச் சோக்கால் சுடுவோன் ஒன்று தவறவிடுவான். அன்றேல் உண்ணத்தகாதவாறு சிதைத்துவிடுவான்.

பறவைக்கேற்ற ரவை

ரவையின் எண்ணும் போரைப் போன்றே தலைகீழானது. எண் கூடினால் உருண்டை சிறுக்கும். ஆங்கிலேய அளவின்படி ஒரு அவுன்ஸ் எடையில் 4ஆம் எண் ரவை 170, 6ஆம் எண் ரவை 270, 8ஆம் எண் ரவை 450 அடங்கும். இங்கேதான் வேட்டையாடுவோன் ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழக்கின்றான். பெரிய ரவை தொலைவு செல்லும், ஆழ ஊடுருவும், ஆனால் எண்ணிக்கை குறைவதால் வலையின் கண்கள் அகன்றுவிடும். சிறிய ரவை வலையை நெருக்கமாக்கும். ஆனால் விரைவில் வலுவிழக்கும். 12 போர்த் தோட்டாவில் பெரிதும் இட்டுவந்த அளவு ஒன்றே வீசம் அவுன்ஸ். வீசமும் அரைக்காலும் கொண்டு கணக்குப் பயின்ற நம் முன்னோர்க்கு இவ்வளவு புதிதாகத் தோன்றியிராது. இதில் 6ஆம் எண் ரவை ஏறத்தாழ 287 அடங்கும். நாற்பது கெஜத்தில் முழுச் சோக் இவற்றுள் இருநூறை வட்டத்தினுள் நிறுத்தும். சுருக்கமில்லாக் குழல் நூற்றுப் பதினைந்தை மட்டுமே நிறுத்தும்.

இந்நாட்டில் வேட்டையாடியோர் தம் அனுபவத்தால் பறவைதோறும் வெவ்வேறு முறையைக் கைக்கொண்டனர். சங்கச் செய்யுள்களில் குறும்பூழ் என்று வழங்கப்பெறும் காடை, புல்லிடையே ஒளிந்திருந்து காலடியில் திடீரென எழுந்து, தாழப் பறந்து, மீண்டும் புல்லில் மறைவது. சிற்றுடலாகையால் அதற்கு நெருங்கிய வலை வேண்டும். அண்மையில் எழுவதால் அகன்ற வலையும் வேண்டும். ஆகவே 8ஆம் அல்லது 9ஆம் எண் ரவையும், சுருக்கம் குறைந்த குழலும் அதற்கு ஏற்றவை. வயல் ஈரத்தில் இரை தேடும் உள்ளானுக்கும் இதுவே பொருந்தும். எழுந்தவுடன் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானைச் சுடுவது கைதேர்ந்தோர்க்கே இயலும். அப்பறவையின் ஆங்கிலப் பெயராகிய 'ஸ்நைப்' என்பதிலிருந்தே, மறைந்திருந்து குறிதவறாமல் சுடுவோனைக் குறிக்கும் 'ஸ்நைப்பர்' என்னும் சொல் பிறந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் நடுவே 18ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கிய சொல் அது.

கௌதாரி காடையினும் பெரியது. சற்றுத் தொலைவிலும் எழுவது. அதற்கு 6ஆம் அல்லது 7ஆம் எண் ரவை. கனத்த இறகுப் போர்வையுடன் உயரத்தில் விரைந்து செல்லும் வாத்தினங்களுக்கு 4 முதல் 6 வரையிலான எண்களும், பாதி அல்லது முழுச் சோக்கும் வேண்டும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் வலக்குழலைச் சற்றே சுருக்கியும், இடக்குழலை மிகச் சுருக்கியும் அமைத்தமைக்குக் காரணம் இதுவே. முதல் வெடி அருகிலுள்ள பறவைக்கு. அது தவறின் விலகிச் செல்லும் பறவைக்கு இரண்டாம் வெடி. எக்குழலின் விசையை அழுத்துவது என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு கணக்கும் எதற்காக? குறி தவறாமைக்காக மட்டுமன்று. பொருந்தாத ரவையாலோ எல்லை கடந்த தொலைவிலோ சுடப்பட்ட பறவை வீழ்வதில்லை. ஓரிரு ரவைகளை உடலில் தாங்கிப் பறந்துபோய், நாணலிடை மறைந்து, பலநாள் துன்புற்று மடியும். ஆதலின் நல்ல வேட்டைக்காரர்கள் நாற்பது கெஜத்திற்கு அப்பால் சுடாமையை ஓர் ஒழுக்கமாகக் கொண்டனர். ரவையையும் சோக்கையும் தேர்வது கருவி பற்றிய அறிவு மட்டுமன்று. எத்தொலைவில் கை நிற்க வேண்டும் என்பதை அறிவதும் ஆகும்.

வேட்டையிலிருந்து பிறந்த ஏடுகள்

இவ்வாறு பறவையின் எழுச்சியையும் வேகத்தையும் இறகையும் கூர்ந்து நோக்கிய கண்களிலிருந்தே இந்தியப் பறவையியல் பிறந்தது. காங்கிரசு மகாசபை 1885ஆம் ஆண்டு தோன்றக் காரணமாயிருந்தவர் என்று நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பறவையியலிலும் பேரறிஞர். மார்ஷல் என்பாருடன் இணைந்து இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதிகள் 1879 முதல் 1881 வரை வெளிவந்தன. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை அவர் 1885ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். ஆய்வுக்காகச் சுடப்படும் சிறு பறவையின் இறகு சிதையாதிருத்தல் வேண்டும்; அதற்காக மணலினும் சற்றே பருத்த தூள் ரவையைச் சிறிதளவே இட்டுச் சுடுவர். ரவையின் அளவறிவு இங்கே அறிவியலுக்குத் துணையாயிற்று.

பறவையியல் பேராசான் சலீம் அலியின் வாழ்வும் இவ்வாறே தொடங்கியது. சிறுவயதில் தம் காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று அறிய விழைந்த சிறுவனை, அவர்தம் மாமன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கே மில்லார்ட் என்னும் செயலாளர் காட்டிய பறவைத் தோல்களின் பேழைகளே அவருடைய வாழ்வின் திசையை முடிவு செய்தன. 1985ஆம் ஆண்டு வெளிவந்த தம் வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரும் அக்குருவியின் வீழ்ச்சியைக் குறிப்பதே. சுட்ட பறவையைக் கையில் எடுத்து, இது யாது என்று கேட்ட அக்கேள்வி, பிற்காலத்தில் பரத்பூரையே காத்தது.

பரத்பூரின் நீரும் ஈயமும்

பரத்பூர் நீர்நிலை முற்றிலும் இயற்கையானதன்று. தாழ்ந்த நிலப்பரப்பு அது. 18ஆம் நூற்றாண்டில் ஜாட் மன்னர் சூரஜ்மல் காலத்தில் எழுந்த அஜான் அணையின் நீர் அதில் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரைகளும் மதகுகளும் வாய்க்கால்களும் அமைத்து, வாத்து வேட்டைக்கென்றே அதைச் செம்மைப்படுத்தினர். கர்சான் பிரபுவின் வருகையோடு 1902ஆம் ஆண்டு பெருவேட்டைகள் தொடங்கின. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கல் பறந்து, இமயத்தைக் கடந்து, குளிருக்கு ஒதுங்க வந்த ஊசிவால் வாத்துகளும் சிறகிகளும் அங்கே துப்பாக்கி வரிசையை எதிர்கொண்டன.

மேலே கண்ட அளவுகளைக் கொண்டு 1938ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பறவைக்கு இரண்டே தோட்டா என்று குறைவாகவே கொள்வோம். தோட்டா ஒன்றில் முப்பது கிராம் ரவையாக, 4,273 பறவைகளுக்கு ஏறத்தாழ 256 கிலோகிராம் ஈயம். 6ஆம் எண் ரவையாயின் இருபத்து நான்கு லட்சம் உருண்டைகள். இவற்றுள் பறவையின் உடலில் தங்கியது மிகச் சிறு பகுதி. எஞ்சியவை யாவும் நீரில் வீழ்ந்தன.

நீரில் வீழ்ந்த ரவை மீண்டும் கொல்லும் என்பதை உலகம் மெல்ல மெல்ல அறிந்தது. வாத்து தன் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக் கொள்ளும். சேற்றில் கிடக்கும் ரவையையும் அது கல்லென்றே கருதி விழுங்கும். அரைபடும் ஈயம் குருதியிற் கலந்து நஞ்சாகும். சுடப்படாத பறவையும் மெலிந்து மடியும். எனவே அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023ஆம் ஆண்டு இத்தடை நடைமுறைக்கு வந்தது. அங்கெல்லாம் எஃகு ரவையை இடுகின்றனர். எஃகு ஈயத்தினும் எடை குறைந்தது. அதனால் ஈயத்திற்குரியதைவிட இரண்டு எண் பெரிய ரவையைத் தேர்கின்றனர். அது நசுங்காதது, ஆகவே முழுச் சோக்கைத் தவிர்த்து அகன்ற சோக்கைக் கொள்கின்றனர். நூறாண்டுக் காலம் கற்ற கணக்கை அவர்கள் புதிதாகக் கற்க நேர்ந்தது.

இந்தியா தேர்ந்த வழி வேறு. நாடு விடுதலை பெற்றபின், பரத்பூர் நீர்நிலையை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் எடுத்துரைத்து அதைத் தடுத்தார். 1956ஆம் ஆண்டு அது பறவைகள் சரணாலயமாயிற்று. ஆயினும் மன்னர் குடும்பத்தின் வேட்டையுரிமை தொடர்ந்தது. 1964ஆம் ஆண்டு வரை பெருவேட்டைகள் நடைபெற்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டியே துப்பாக்கி ஓசை அங்கே அடங்கியது. அச்சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியையும் அடைத்தது. 1981ஆம் ஆண்டு பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும், 1985ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் பரத்பூர் இடம் பெற்றது.

காத்தவர்களும் இழந்தவர்களும்

இத்துடன் வரலாறு இனிதே முடிந்தது என்று கூறிவிடலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. 1982ஆம் ஆண்டு பரத்பூரில் கால்நடை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டபோது, சுற்றியிருந்த சிற்றூர் மக்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் மூண்டது. சுடப்பட்டுச் சிலர் மடிந்தனர். வாத்துகளுக்கு அமைதி வந்த இடத்தில் மனிதர்மேல் குண்டு பாய்ந்தது. பின்னர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நடத்திய நீண்ட ஆய்வு, எருமைகள் மேயாமையால் புல் மண்டி நீர்ப்பரப்பு மூடப்பட்டதையும், அது பறவைகளுக்கே கேடானதையும் எடுத்துக்காட்டியது. மேய்ச்சலைக் காட்டிலும் பன்மடங்கு உயிர்களைப் பறித்த வேட்டைக்கு, அறுபது ஆண்டுக் காலம் எவரும் தடை கூறவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இவ்விரு பக்கங்களையும் காண்கின்றோம். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடலாகாது என்று கவுல் பெற்றனர். இது 1798ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பர். பரத்பூரில் முதல் பெருவேட்டை நடப்பதற்கு நூறாண்டு முன்னரே, சோக் என்பது இன்னதென்று அறியாத உழவர், போதும் என்னும் எல்லையை வகுத்துவிட்டனர்.

மறுபக்கம் நரிக்குறவர், குருவிக்காரர் என்று நாம் அழைக்கும் மக்களைப் பற்றியது. குஜராத்தியோடு உறவுடைய வாக்ரி மொழியைப் பேசுவோர் அவர்கள். வடக்கிலிருந்து தெற்கே வந்து தங்கியவர்கள். தெற்கிலிருந்து வடக்கே வந்து வாழும் நமக்கு அவர்தம் நிலையை உணர்தல் அரிதன்று. வாய்வழியே கருமருந்தும் ரவையும் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, காடையும் கௌதாரியும் கொண்டுவந்து விற்ற அவர்களை நம்முள் மூத்தோர் பலர் நேரிற் கண்டிருப்பர். ஒருமுறை சுட்டால் மறுமுறை கெட்டிக்க நேரமாகும் கருவி அது; அதன் குறைபாடே அதற்கொரு வரம்பாக அமைந்தது. வேட்டைத் தடை அவர்தம் பிழைப்பைப் பறித்தது. பாசிமணி, ஊசிமணி விற்றலே பலருக்கு வழியாயிற்று. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டது 2023ஆம் ஆண்டிலேதான். விருந்துக்காகச் சுட்டவர் துப்பாக்கியை உறையிலிட்டுப் பேழையில் வைத்தனர். வயிற்றுக்காகச் சுட்டவரோ ஐம்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது.

சட்டம் தவறென்று இதற்குப் பொருளன்று. தடை வந்திராவிடின் இன்று பரத்பூரில் காட்டுவதற்குப் பறவை இருந்திராது. அச்சட்டமும் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. அங்கே குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2001-2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்திற்குப் பின் வரவேயில்லை. ஆயினும், ஓர் எல்லையை வகுக்கும்போது அதன் சுமை எவர் தோளில் விழுகின்றது என்று எண்ணிப் பார்ப்பதும் அளவறிவின் பகுதியே.

துப்பாக்கியின் வரலாறு நமக்குக் காட்டும் அளவுகள் பல. ரவையின் எண், மருந்தின் எடை, குழலின் அகலம், வாயின் சுருக்கம், தொலைவின் கெஜம் ஆகிய யாவும் நுட்பமாகக் கற்கப்பட்டன. எத்தனை பறவை வீழ்ந்தால் போதும் என்னும் அளவு மட்டும் எந்தக் கொல்லன் பட்டறையிலும் குழலில் பொறிக்கப்படவில்லை. அதை வேடந்தாங்கல் உழவர் தம் வயலிலிருந்து கற்றனர். சலீம் அலி தம் கையிலிருந்த குருவியிலிருந்து கற்றார். நாடு சட்டத்தால் கற்றது.

அடுத்தமுறை ஆக்ராவிலிருந்து திரும்பும் வழியில் பரத்பூரில் இறங்குவோர், பறவைகளைக் கண்டபின் அந்தக் கல்லருகேயும் சற்று நின்று வரல் வேண்டும். குழந்தைகள் அந்த எண்களை வாய்விட்டுப் படிக்கட்டும். 1964ஆம் ஆண்டோடு அக்கணக்கு ஏன் நின்றது என்று அவர்கள் கேட்பார்கள். அப்பொழுது கூறுவதற்கு நம்மிடம் ஒரு வரலாறு உண்டு.